சந்தைக்கே தெரிந்த எழுத்து

ஆட்டின் வயதைச் சொல்லப் புவனேஸ்வரிக்குக் கண் தேவையில்லை. கட்டைவிரல் போதும். வாயோரத்தில் விரலை விட்டு ஒரு தடவு தடவினால் பால் பல்லா, பல் போட்டுவிட்டதா என்று சொல்லிவிடுவாள். முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் கறி எவ்வளவு தேறும் என்பதும் தெரிந்துவிடும். அய்யலூர்ச் சந்தையில் அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் வியாபாரியாக இத்தனை வருடம் கால் ஊன்றி நிற்பது இந்தக் கைகளை நம்பித்தான்.

ஆனால் போன் என்கிற சனியனுக்குப் பல்லும் இல்லை, முதுகெலும்பும் இல்லை. அதைத் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும். நாற்பதைத் தாண்டியதும் அவளுக்கு அது மட்டும் முடியாமல் போயிற்று. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது. கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்சம் தெரிந்தது. இன்னும் நீட்டலாம் என்றால், கை அவ்வளவுதான் நீளம்.

கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அதிலுள்ள ஆபத்து சந்தையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். மூக்கில் கண்ணாடியோடு ஒரு வியாபாரி உள்ளே நுழைந்தால் போதும், பார்வை போய்விட்டது என்று முடிவு கட்டி, கிழட்டு ஆட்டைக் குட்டி என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதிலும் பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே கண் மங்கிய விஷயத்தைப் புவனேஸ்வரி யாரிடமும் மூச்சு விடவில்லை. லோடு வண்டி ஓட்டும் புருஷன் பழனிக்குமாரிடம்கூடச் சொல்லவில்லை. போனில் வந்த சேதிக்கெல்லாம் படிக்காமலே கட்டைவிரல் படத்தை அனுப்பிக் காலத்தை ஓட்டினாள்.

அப்படியே ஓட்டியும் இருப்பாள். சைனம்பு குறுக்கே வந்தாள்.

சைனம்பு பேகம்பூரில் பிரியாணிச் சமையல்கூடம் நடத்துகிறவள். கல்யாணமா, காதுகுத்தா, திண்டுக்கல்லில் பாதிப் பந்திக்கு அவள் அண்டாதான் போகும். அவளுக்கு வாராவாரம் ஆடு கொண்டுபோய் இறக்கியவர் காமராஜ். சந்தையில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். திடீரென்று ஒரு நாள் அவரை நிறுத்திவிட்டுச் சைனம்பு புவனேஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"எனக்குப் பல்லுப் போடாத குட்டி வேணும், புவனா. ஒரே அளவுல, ஒரே உருப்படியா இருவது. அந்த அண்ணனுக்கு எத்தன தடவ எழுதியும் காதுல வாங்க மாட்டேங்குறாரு. கெடா கெடாவாக் கொண்டாந்து எறக்குறாரு. நாளைக்கு வியாழக்கிழம நான் சொன்னபடி நீ கொண்டாந்துட்டா, அப்புறம் வருசம் பூரா உன்கிட்டத்தான்."

"கொண்டாறேன்க்கா."

"ஆனா ஒண்ணு. போன்ல பேசாத. இங்க கிரைண்டரு ஓடுறதுல எனக்குக் காது கேக்காது. அங்க நீ வெலையச் சத்தமா சொன்னா சந்தைக்கே கேக்கும். எம்புட்டு வரைக்கும் போகலாம்னு காலைல எழுதி அனுப்புவேன். அதப் பாத்து வாங்கு."

புவனேஸ்வரி தலையை ஆட்டினாள். உள்ளே சந்தோஷம் பொங்கியது. வருடம் முழுக்க ஒரே இடத்துக்கு ஆடு கொடுப்பது என்றால் லேசான விஷயமா? வாங்கின ஆட்டை வண்டியில் போட்டுக்கொண்டு கறிக்கடை கறிக்கடையாகக் கெஞ்சும் பிழைப்பு அன்றோடு முடிந்தது. ஆனால் அந்த வாழ்வு போன் திரையில் எறும்பு எறும்பாக வந்து நிற்கப்போகிறது. அதற்குக் கட்டைவிரல் படம் அனுப்பித் தப்பிக்க முடியாது.

சமையல்கூடத்தை விட்டு வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நியாஸ் கடைக்குப் போனாள். அவள் வைத்திருக்கும் பழைய போனை அவளிடம் விற்றவன் அவன்தான்.

"எழுத்து பொடிசா இருக்கு தம்பி. பெருசாக்கிக் குடு."

நியாஸ் செட்டிங்ஸுக்குள் போய் எழுத்தின் அளவைக் கடைசி வரைக்கும் தள்ளிக் காட்டினான். எறும்பு கட்டெறும்பு ஆயிற்று, அவ்வளவுதான்.

"இம்புட்டுத்தானா?"

"கம்பெனிக்காரன் விடுறது இம்புட்டுத்தான்க்கா. ஆனா உங்க போன் சும்மா போன் இல்ல. முன்னால வெச்சிருந்த காலேஜ் பையன் இத ரூட் பண்ணி வெச்சிருக்கான்."

"அப்படின்னா?"

"வாடகை வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரர்ட்டக் கேக்கணும்ல? சொந்த வீடுன்னா செவத்தையே இடிக்கலாம். ரூட் பண்ணுன போன் சொந்த வீடு மாதிரி. யாரையும் கேக்க வேண்டாம்."

அவன் வேறொரு செயலியைத் திறந்தான். நடுவில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் 440 என்று ஓர் எண். அதற்கு டிபிஐ என்று பெயராம். திரையில் எல்லாம் எத்தனை பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்கு அந்த எண்தான் கணக்காம். அது ஏறினால் எழுத்து, பொத்தான், படம் எல்லாமே சேர்ந்து பெருக்குமாம். நியாஸ் 440-ஐ அழித்து 520 என்று அடித்தான், கீழே இருந்த பொத்தானைத் தட்டினான். திரை சட்டென்று கறுத்தது. புவனேஸ்வரிக்குத் திக்கென்றது. மறுபடி வெளிச்சம் வந்தபோது கட்டெறும்பெல்லாம் போய், நல்ல கொழுத்த எழுத்தாக நின்றது.

"அட!" என்றாள்.

"ஐநூத்தி அம்பதத் தாண்டாதீங்கக்கா. தாண்டுனா அப்புறம்..."

அய்யலூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்க அவளுக்கு நேரம் இல்லை, மனசும் இல்லை. நூறு கிலோ தாங்கும் தராசில் எண்பதுக்கு மேல் வைக்காதே என்று கடைக்காரன் சொல்வதில்லையா, அந்த ரகம் என்று நினைத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவளைப் பிடிக்க முடியவில்லை. அடுப்பில் உலை கொதிக்க, வாசலில் உட்கார்ந்துகொண்டு பழைய சேதிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். சித்தையன்கோட்டையில் கட்டிக்கொடுத்த தங்கச்சி மணிமேகலை ஏன் ரெண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 'அக்கா, எங்க மாமனார் தவறிட்டாரு' என்று அவள் அனுப்பியிருக்கிறாள். அதற்குக் கீழே புவனேஸ்வரியின் கட்டைவிரல் சூப்பர் என்று நிமிர்ந்து நிற்கிறது. தலையில் அடித்துக்கொண்டாள். உடனே தங்கச்சியைக் கூப்பிட்டு அழுது, அவளையும் அழவைத்து, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துத்தான் போனை வைத்தார்கள்.

இத்தனை நாள் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னென்ன கோட்டை விட்டோமோ என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆசை பெருகியது. செயலியைத் திறந்தாள். 560 போட்டாள். திரை கறுத்து வெளுத்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. 620 போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. 700 போட்டாள். எழுத்து புளியங்கொட்டை அளவு ஆயிற்று. ஒவ்வொரு தடவை கறுக்கும்போதும் நெஞ்சு படக்கென்று அடித்துக்கொண்டது, வெளுக்கும்போது சிரிப்பு வந்தது. திருவிழாவில் ராட்டினம் ஏறிய பிள்ளைக்கு இறங்க மனசு வருமா? நாளைக்குச் சந்தையில் கையை நீட்டாமல், இடுப்பருகே போனை வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் படித்துவிட்டு நிமிரவேண்டும். அதற்கு இது போதாது. 900 என்று அடித்துப் பொத்தானைத் தட்டினாள்.

திரை கறுத்தது. வெளுத்தது. பெட்டியைக் காணோம்.

எண் போடும் பெட்டி விசைப்பலகைக்கு அடியில் போய்விட்டது. தட்டவேண்டிய பொத்தான் திரைக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. தள்ளிப் பார்த்தாள், வரவில்லை. போனை அணைத்து ஏற்றினாள். 900 அப்படியே இருந்தது. வாட்ஸப்பைத் திறந்தால் வரிக்கு இரண்டே சொல். அனுப்பினது யார் என்று மேலே பெயர் வரவேண்டிய இடத்தைப் பொத்தான்களே அடைத்துக்கொண்டன. பதில் எழுதலாம் என்றால் விசைப்பலகை முழுத்திரையையும் மூடியது, என்ன எழுதுகிறோம் என்பதே தெரியவில்லை.

கடைசியில் மனசைத் தேற்றிக்கொண்டாள். நாளைக்கு எழுதவா போகிறோம்? படித்தால் போதும். படிக்கத்தான் பிரமாதமாகத் தெரிகிறதே.

வியாழக்கிழமை பொழுது புலரும்போதே அய்யலூர் களைகட்டிவிட்டது. எங்கே பார்த்தாலும் ஆடு, எங்கே திரும்பினாலும் கத்தல். இந்த இரைச்சலுக்குள்தான் ஒரு சத்தமும் இல்லாமல் வியாபாரம் நடக்கும். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைச் சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், விரல் கணுவை அழுத்தினால் ஐந்நூறு, நகத்தைச் சுரண்டினால் நூறு. பக்கத்தில் நிற்பவனுக்கு முகம் மட்டும்தான் தெரியும், விலை தெரியாது. ஆரம்பத்தில் ஒரு பொம்பளையோடு துண்டுக்குள் கை விட ஆண்கள் கூச்சப்பட்டார்கள். புவனேஸ்வரி தோளில் கெட்டியான பச்சைத் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, "கூச்சப்படுறவுக ஆட்ட ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றாள். அதோடு கூச்சம் போயிற்று.

அந்த வியாபாரிகளுக்குள் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு பட்டி ஆட்டுக்கு ஒருவர் ஒரு தடவைதான் துண்டுக்குள் கை விடலாம். விட்ட கை விட்டதுதான். கூட்டிக்கொடுக்கிறேன் என்று மறுபடி வரக்கூடாது.

சைனம்பு கேட்டதுபோல ஒரே உருப்படியாக இருபது குட்டி அன்றைக்கு இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று வடமதுரைப் பக்கமிருந்து வந்த ஒருவரிடம். இன்னொன்று ரெட்டியார்சத்திரம் பக்கத்து வேலுசாமியிடம். அவர் வண்டி வழியில் பஞ்சராகி நின்றது, வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

புவனேஸ்வரி வடமதுரைக்காரரின் குட்டிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் டிங் என்றது. எடுத்தாள்.

இருவது குட்டி
தலைக்கு ஏழாயிரம்
வரைக்கும் போ
மேல வேண்டாம்

கையை நீட்டவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை. பளிச்சென்று தெரிந்தது. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல் இரண்டு தரம் படித்தாள், மகாராணி மாதிரி போனை மடியில் செருகினாள், துண்டை உதறிக் கையை விட்டாள். நல்ல குட்டிகள். ஆகவே ஏழாயிரம் என்று முழுசாகவே பிடித்தாள்.

அடுத்துக் காமராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, மீசையில் ஒரு முறுக்கு. துண்டுக்குள் கை விட்ட வேகத்தில் எடுத்தார். வடமதுரைக்காரர் குட்டிகளின் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"எம்புட்டுண்ணே வித்தியாசம்?" என்று புவனேஸ்வரி வடமதுரைக்காரரைக் கேட்டாள்.

"நூறு ரூவாதாம்மா."

நூறு! அவளுக்குப் பகீரென்றது. ஆயிரம் கூட என்றால் பேராசை என்று விடலாம். சரியாக நூறு என்றால் அந்த ஆளுக்கு அவள் மனசு தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும்? துண்டு விலகவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. காமராஜின் கணக்கும் அவளுக்குப் புரிந்தது. வேலுசாமியின் குட்டிகளையும் வளைத்துவிட்டால் சைனம்புவுக்கு இந்த வாரம் வேறு கதியில்லை, மறுபடி அவரிடம்தான் போகவேண்டும். புவனேஸ்வரி வெறுங்கையோடு நிற்பாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

நேரே தங்கள் வண்டிக்குப் போனாள். பழனிக்குமார் பின்தட்டின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவன் சொன்னான்.

"ஏழாயிரத்துக்கு மேல வேண்டாம்னு எழுதியிருக்கே, அதுக்கு மேல போனியா புள்ள?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்கருந்தே தெரிஞ்சுச்சே. சினிமா போஸ்டரு மாதிரி புடிச்சுக்கிட்டு நின்ன. ஓம் பின்னாலயே நின்ன காமராஜண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும்?"

புவனேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். துண்டைப் போட்டு விலையை மறைத்துவிட்டு, அதே விலையைக் கையில் தூக்கிப் பிடித்து ஊருக்கே காட்டியிருக்கிறாள். இப்படி ஒரு கூத்தை அய்யலூர் இதுவரை பார்த்திருக்காது.

"ஏன் இம்புட்டுப் பெருசா வெச்சிருக்க?"

ஒளிக்க இனி என்ன இருக்கிறது? கண் மங்கினது, நியாஸ் கடை, ஐநூற்று ஐம்பது, தொள்ளாயிரம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். அவன் திட்டுவான் என்று பார்த்தாள். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"கண்ணு தெரியலன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். சரி, அந்த நம்பர இப்பக் கொறைக்க முடியுமா?"

"முடியாது. பெட்டியவே காணோம், நியாஸுதான் சரி பண்ணணும்."

"அப்ப வேலுசாமி குட்டியும் போச்சா?"

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். சைனம்பு அனுப்பின நான்கு வரி திரை முழுக்க நின்றது. மேலே சைனம்புவின் பெயர் இல்லை. பொத்தான்கள்தான் இருந்தன. யார் அனுப்பினாலும் இப்படித்தான் இருக்கும். அந்த இடத்தில் அவளுக்குப் பொறி தட்டியது. முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏங்க, ஒங்க போன எடுங்க. வேலுசாமியண்ணன் வந்து நான் குட்டியத் தொட்ட ஒடனே எனக்கு ஒரு சேதி அனுப்பணும். ஒரு கல்யாணம் தள்ளிப்போச்சு, ஆறுக்கு மேல போகாத. அம்புட்டுத்தான். நீட்டி எழுதாதீங்க, திரை பத்தாது."

பழனிக்குமாருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கினதும் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான். "அடியே!" என்றான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அவன் அப்படி வியந்து பார்த்ததே இல்லை.

செத்த நேரத்தில் வேலுசாமியின் வண்டி வந்தது. குட்டிகள் குதித்து இறங்கின. கன்னிவாடி ஆட்டுக் குட்டிகள், இருபதும் அச்சில் வார்த்த மாதிரி. புவனேஸ்வரி முதல் குட்டியின் வாயில் விரலை விட்டாள். பால் பல். முதுகை அழுத்தினாள். பின்னால் வெள்ளைச் சட்டை வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை, மீசைக்குப் போட்டிருந்த எண்ணெய் வாசனையிலேயே தெரிந்துகொண்டாள்.

டிங்.

போனை எடுத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தியே பிடித்தாள்.

ஒரு கல்யாணம்
தள்ளிப் போச்சு
ஆறுக்கு மேல
போகாத புள்ள

புள்ள! அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. சைனம்பு அவளை 'புவனா' என்பாளே தவிர, ஒரு நாளும் 'புள்ள' என்றதில்லை. பொண்டாட்டிக்கு எழுதுகிற பழக்கத்தில் இந்த மனுஷன் கடைசியில் அதையும் சேர்த்து அனுப்பித் தொலைத்திருக்கிறான். தூரத்தில் வண்டிமேல் நின்று அவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். சட்டென்று போனைக் கீழ்ப்பக்கமாகப் பிடிப்பதுபோலக் கட்டைவிரலை அந்தச் சொல்லின் மேல் போட்டு அழுத்தினாள். பல் பார்க்கும் விரல் அன்றைக்குச் சொல்லையும் மறைத்தது. பிறகு, பின்னால் இருப்பவர் படித்து முடிக்கட்டும் என்று பொறுமையாக நின்று, "ச்சே" என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

"என்னம்மா, சேதி நல்லா இல்லையோ?" என்றார் காமராஜ், பாசமாக.

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க மொதல்ல பேசுறீங்களா?"

"நீ பேசும்மா. பொம்பளப் புள்ளைக்கு வழி விட வேண்டாமா?"

புவனேஸ்வரி துண்டை உதறினாள். வேலுசாமியின் கையோடு கை சேர்த்தாள். முகத்தைச் செத்த மாதிரி வைத்துக்கொண்டு, உள்ளே ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டாள். ஒரு விரலைப் பிடித்தாள். அதன்பிறகு அதே விரலின் கணுவை அழுத்தினாள். ஆறாயிரத்து ஐந்நூறு. வேலுசாமி விவரமான ஆள், புருவத்தைக்கூட அசைக்கவில்லை.

காமராஜ் கையை விட்டார். அவர் எத்தனை நகத்தைச் சுரண்டியிருப்பார் என்பது பார்க்காமலே அவளுக்குத் தெரியும். ஒன்றுதான். வெற்றிப் புன்னகையோடு கையை எடுத்துக் கயிற்றுக்காக நீட்டினார்.

வேலுசாமி கயிற்றைப் புவனேஸ்வரியிடம் கொடுத்தார்.

"என்னப்பா, மாத்திக் குடுக்குற?" காமராஜ் குரல் கம்மியது.

"மாத்தியெல்லாம் குடுக்கல. ஒங்களுக்கும் அந்தம்மாவுக்கும் நானூறு ரூவா வித்தியாசம்."

காமராஜ் அவளைப் பார்த்தார், அவள் மடியில் இருந்த போனைப் பார்த்தார், தோளில் இருந்த பச்சைத் துண்டைப் பார்த்தார். விட்ட கை விட்டதுதான். எதற்கும் மசியாத அந்த மீசை அன்றைக்கு லேசாகத் தொங்கியது. புவனேஸ்வரிக்குக் கத்தவேண்டும்போல இருந்தது, ஆடவேண்டும்போல இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி வண்டியை நோக்கி நடந்தாள். வண்டிக்குப் பின்னால் போய் மறைந்ததும் புருஷனும் பொண்டாட்டியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"புள்ளையாம் புள்ள! இன்னொரு நொடி போயிருந்தா மானம் போயிருக்கும்."

"கை பழகிருச்சு, நான் என்ன செய்ய?"

குட்டிகளை ஏற்றி, படம் எடுத்துப் பழனிக்குமார் தன் போனிலிருந்து சைனம்புவுக்கு அனுப்பினான். புறப்படும் சமயத்தில் காமராஜ் வந்தார். அவர் வாங்கின குட்டிகளை அவருடைய ஆள் வேறு வண்டியில் ஏற்றிப் போய்விட்டிருந்தான். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பழனிக்குமார் இறங்கி முன்னால் நின்றான். காமராஜ் அவனைக் கவனிக்கவே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"புவனா... ஒம் போன்ல அந்த எழுத்த எப்படிப் பெருசாக்குன?"

அவள் விழித்தாள்.

"எனக்கு என் போன்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. மூணு வருசமாச்சு. கண்ணாடி போட்டா இந்தப் பயலுக என்ன பேசுவாய்ங்கன்னு ஒனக்கே தெரியும். காலைல ஒன் பின்னால தற்செயலாத்தான் நின்னேன். பளிச்சுன்னு எழுத்து தெரிஞ்சுச்சு. எத்தன நாளாச்சு அப்படிப் படிச்சு! விலைங்கிறது அப்புறந்தான் மண்டைல ஏறுச்சு."

சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். புவனேஸ்வரி வாங்கிக் கையை நீட்டிப் பார்த்தாள். எறும்பு. காமராஜ் வாங்கி இன்னும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எறும்பேதான். இரண்டு பெரிய வியாபாரிகளும் ஒரு போனை மாற்றி மாற்றி வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்ற கோலத்தைச் சகிக்க முடியாமல் பழனிக்குமார் பிடுங்கிப் படித்தான்.

"'காமராஜண்ணே, கெடா வேண்டாம், குட்டி மட்டும் கொண்டாங்க.' இது போன மாசம். 'அண்ணே, மறுபடி கெடாவே வந்திருக்கு.' இது அதுக்கப்புறம். 'அண்ணே, நாலு தடவ எழுதிட்டேன், இனி வேற ஆளப் பாத்துக்கிறேன்.' எல்லாம் சைனம்பக்கா. ஒவ்வொண்ணுக்கும் கீழ நீங்க கட்டவிரலக் காட்டியிருக்கீக."

காமராஜ் போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். இத்தனை நாளும் சைனம்பு தன்னை மதிக்காமல் துரத்திவிட்டாள் என்று அவர் கறுவிக்கொண்டிருந்தார். புவனேஸ்வரிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. மணிமேகலையாவது தங்கச்சி, அழுது சமாதானம் செய்யலாம். இவர் யாரிடம் போய் அழுவார்?

"வண்டில ஏறுங்கண்ணே," என்றாள். "திண்டுக்கல்லுதான் போறோம். நியாஸு கடைல ஒங்க போனையும் குடுப்போம்."

மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காமராஜ் நடுவில். தொள்ளாயிரம் போட்ட கதையைப் புவனேஸ்வரி அவருக்குச் சொன்னாள். பின்னால் குட்டிகள் விடாமல் கத்தின. வண்டி நாலுவழிச்சாலையில் ஏறினதும் அவள் மடியில் போன் டிங் என்றது. எடுத்து விரித்தாள். அவள் படிப்பதற்கு முன்பே, பெரிய எழுத்தைக் கண்ட ஆசையில், காமராஜ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"குட்டியெல்லாம் அருமை... புவனா இனிமே... வியாழக்கிழம ஆடு... உன்கிட்ட மட்டும்தான்."

கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. பழனிக்குமார் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். புவனேஸ்வரிக்குத் தொண்டை வரைக்கும் வந்த சந்தோஷம், பக்கத்தில் அந்த மனிதர் இருந்ததால் வெளியே வராமல் நின்றது. போனைத் திருப்பி மடியில் வைக்கப் போனாள். காமராஜ் அவள் கையைத் தடுத்தார். இன்னொரு தரம், மனசுக்குள்ளேயே, முழுசாகப் படித்தார்.

"என் சோத்துல மண்ணு விழுந்த சேதி," என்றார். "ஆனா எம்புட்டு வெளிச்சமாத் தெரியுது, பாரு!" பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்கும் இதே நம்பர வெச்சுவிடச் சொல்லு, புவனா" என்றார்.

"வேண்டாம்ணே. ஐநூத்தி அம்பதத் தாண்டாதீங்க," என்றாள் புவனேஸ்வரி. "பின்னால நிக்கிறவன் படிச்சிருவான்."